மாமன்றக் கூட்டத்துக்கு முன்பே பொருள் பட்டியலைக் கேட்போம்: பட்ஜெட் நேரத்தில் சென்னைவாசிகளுக்கு ஒரு இழை

வியாசர்பாடி விங்கர்:

பட்ஜெட் கூட்டம் நெருங்குகிறது. 2022 மார்ச்சில் பொறுப்பேற்ற சென்னை மாநகராட்சி மாமன்றத்துக்கு 2027 மார்ச்சோடு ஐந்தாண்டு முடிகிறது. இவர்கள் காலத்திலேயே தொடங்கி முடிக்கக்கூடிய வேலை எதுவானாலும் இப்போதே கூட்டத்தின் பொருள் பட்டியலில் (அஜெண்டாவில்) ஏறியாக வேண்டும். அதனால்தான் இந்த இழை.

நான் கால்பந்து ஆடுகிறவன். 2024 அக்டோபரில் நடந்தது நினைவிருக்கும். மாநகராட்சியின் 9 செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விடுவதாக மாமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் கட்டணம். எங்கள் பகுதியில் சாயங்காலம் ஆட வரும் பத்துப் பையன்களுக்குக் கணக்குப் போட்டால் ஒரு மணி நேரத்துக்கு 1200 ரூபாய். அந்தப் பத்துப் பேரில் பாதிப் பேருக்கு பூட்ஸே கிடையாது, ஒரே ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள். செய்தி வெளியே வந்ததும் நகரமே கொதித்தது. ஓரிரு நாளில் தீர்மானத்தைத் திரும்பப் பெறுவதாக மேயர் அறிவித்தார். நல்லது, நன்றி.

ஆனால் என் கேள்வி வேறு. அந்தத் தீர்மானம் கூட்டத்துக்கு வருகிறது என்பது ஆடுகிற எங்களுக்கு ஒரு வாரம் முன்னாடி ஏன் தெரியவில்லை? நிறைவேறிய பிறகு கத்துவதற்குப் பதில், வருவதற்கு முன்பே பேச வழி இல்லையா? வரப்போகும் கூட்டங்களில் என்னென்ன வரும், நாம் எங்கே போய்ப் பேசலாம் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். கட்சிச் சண்டை வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:

தம்பி, நான் இன்னொரு மாநகராட்சியில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு பொருள் மன்றத்துக்கு எப்படி வருகிறது என்று சொல்கிறேன். அது தெரிந்தால் எங்கே போய் நிற்பது என்பது தானாகப் புரியும்.

முதலில் துறையில் ஒரு குறிப்பு எழுதப்படும். என்ன வேலை, எவ்வளவு மதிப்பீடு, பணம் எந்தத் தலைப்பிலிருந்து வரும் என்று அதில் இருக்கும். பிறகு அது மேலே போகும். ஆணையர் பார்ப்பார். விஷயத்தைப் பொறுத்து நிலைக்குழுவுக்குப் போகும். சென்னையில் கல்வி, சுகாதாரம், பணிகள், நகரமைப்பு, கணக்கு, வரிவிதிப்பும் நிதியும் என்று நிலைக்குழுக்கள் இருக்கின்றன. எல்லாம் தாண்டிக் கடைசியில்தான் மன்றத்துக்கு வரும். ஆக, நீங்கள் தொலைக்காட்சியில் பார்க்கிற மன்றக் கூட்டம் முடிவு எடுக்கும் இடத்தின் கடைசி வாசல். அங்கே நாற்பது ஐம்பது பொருள் இருந்தால் பெரும்பாலானவை ஒரே மூச்சில் நிறைவேறிவிடும். கவுன்சிலர்களில் பலர் தங்கள் வார்டு குடிநீர், தெருவிளக்கு பற்றிப் பேசக் கிடைக்கும் இரண்டு நிமிடத்துக்காகக் காத்திருப்பார்கள். அதில் தப்பும் இல்லை, அவர்களை மக்கள் கேட்பது அதைத்தானே.

பட்டியல் கையில் கிடைத்தால் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, தொகை. இரண்டு, எத்தனை ஆண்டுக்கு ஒப்பந்தம். மூன்றாவது, ‘பின்னேற்பு’ கேட்டிருக்கிறார்களா என்று. கேட்டிருந்தால் வேலை ஏற்கெனவே ஆரம்பமாகிவிட்டது, மன்றம் முத்திரை குத்த வேண்டியதுதான் பாக்கி. அவசர வெள்ளப் பணிக்கு அது சரி. பூங்கா பராமரிப்புக்கு எதற்கு என்று கேட்கலாம்.

மடிப்பாக்கம் மாடிவீடு:

சொத்து வரியைப் பற்றிப் பேசாமல் மாநகராட்சி பட்ஜெட்டைப் பேச முடியாது. கொஞ்சம் பின்னோக்கிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் 1998-க்கு அப்புறம் பொதுச் சீராய்வே இல்லை. 2018-இல் உயர்த்தினார்கள், 2019 நவம்பரில் நிறுத்தி வைத்தார்கள். 2022 ஏப்ரலில் ஒரே அடியாக வந்தது. பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடி வரை உள்ள வீட்டுக்கு 50 சதவீதம், 1200 வரை 75, 1800 வரை 100, அதற்கு மேல் 150 சதவீதம். 2011-இல் சேர்த்த எங்களைப் போன்ற பகுதிகளுக்குக் கொஞ்சம் குறைவு. பிறகு 2024-இல் இன்னொரு 6 சதவீதம். இருபத்து நாலு வருடம் தொடாமல் விட்டுவிட்டு மொத்தமாக ஏற்றினால் ஓய்வூதியக் குடும்பம் எப்படித் தாங்கும்? வருடா வருடம் சிறிது சிறிதாக ஏற்றியிருந்தால் யாருக்கும் வலித்திருக்காது.

நான் வரி கட்ட மாட்டேன் என்று சொல்லவில்லை. ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் முப்பது நாளுக்குள் கட்டி 5 சதவீத ஊக்கத்தொகை வாங்குகிற ஆள் நான். நான் கேட்பது, என் பகுதியில் வசூலானது எவ்வளவு, இங்கே செலவானது எவ்வளவு என்று வார்டு வாரியாக ஒரு பக்கக் கணக்கு. 2011-இல் 174 சதுர கிலோமீட்டர் நகரம் 426 ஆனது. சேர்ந்த நாங்கள் வரியில் சென்னை ஆகிவிட்டோம், வசதியில் இன்னும் வரிசையில் நிற்கிறோம்.

இன்னொன்று, சாலை. எங்கள் தெருவில் வீட்டு வாசலில் முன்பு மூன்று படி ஏறித்தான் உள்ளே போக வேண்டும். மேலே மேலே தார் போட்டுப் போட்டு இப்போது ஒரு படிதான் மிச்சம். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-இலேயே தலைமைச் செயலர் அறிவுறுத்தினார். கேட்டால் மதிப்பீட்டில் சுரண்டுவதற்குத் தொகை இல்லை என்கிறார் ஒப்பந்தக்காரர். அந்த மதிப்பீட்டை முன்கூட்டியே பார்க்க முடிந்திருந்தால் அன்றைக்கே கேட்டிருப்போம். விங்கர் தம்பி சொல்வதன் முழுப் பொருள் எனக்கு இங்கேதான் விளங்குகிறது.

கணக்குப்பிள்ளை:

சார், ஒரு சிறு விளக்கம். பாதாள சாக்கடையும் குடிநீரும் மாநகராட்சி கையில் இல்லை, குடிநீர் வாரியத்தின் கையில். மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் மனு கொடுத்தால் சிந்தாதிரிப்பேட்டையில் உள்ள வாரிய அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. ஆனால் இரண்டுக்கும் பணத்தில் தொடர்பு உண்டு: வாரியத்தின் குடிநீர், கழிவுநீர் வரி சொத்தின் ஆண்டு மதிப்பில் 7 சதவீதம். மாநகராட்சி ஆண்டு மதிப்பை ஏற்றினால் அதுவும் சேர்ந்து ஏறும். பலர் இதைக் கவனிப்பதில்லை.

சுரண்டும் தொகை பற்றி நீங்கள் சொன்னது பொன்னான விஷயம். மனுவில் ‘சாலை சரியில்லை’ என்று எழுதாதீர்கள். ‘இந்தத் தெருவுக்கான மதிப்பீட்டில் பழைய தளத்தை அகற்றுவதற்கான செலவினம் சேர்க்கப்பட்டுள்ளதா, எத்தனை சதுர மீட்டருக்கு’ என்று எழுதுங்கள். அந்தக் கேள்விக்குப் பொறியாளர் பதில் எழுதித்தான் ஆக வேண்டும்.

கொருக்குப்பேட்டைக்காரி:

மடிப்பாக்கம் அண்ணா வரிசையில் நிற்கிறோம் என்றார். நாங்கள் நிற்கிற வரிசையையும் சொல்லிவிடுகிறேன். நகரத்தில் ஒரு நாளைக்கு ஐந்தாயிரம் டன்னுக்கு மேல் குப்பை. அதைக் கொட்டும் கிடங்குகள் தெற்கில் பெருங்குடி, வடக்கில் கொடுங்கையூர். பெருங்குடிக்குப் பக்கத்தில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், 2022-இல் ராம்சர் தளம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் ஆனது. அதைக் காக்க வேண்டும் என்று எல்லோரும் குரல் கொடுத்தோம், நானும் கொடுத்தேன். எங்கள் பக்கம் பறவை வரவில்லை, மனிதர்கள்தான் இருக்கிறோம்.

கோடையில் குப்பை மேடு தீப்பிடித்தால் மொட்டை மாடியில் துணி காயப்போட முடியாது. காய்ந்த புடவையை உதறினால் கரித்தூள் பறக்கும். அம்மாவுக்கு இரவில் இழுப்பு வந்தால் ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்றே தெரியாது.

இந்த நிலையில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் உலையை கொடுங்கையூரிலேயே கொண்டுவரப் பார்க்கிறார்கள். 2025 மே மாதம் வடசென்னை மக்கள் கைகோத்து மனிதச் சங்கிலி நின்றது அதற்காகத்தான். எரிப்பதே கூடாது என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதியே என்ன சொன்னது? மறுசுழற்சி செய்ய முடியாத, கிலோவுக்கு 1500 கிலோ கலோரிக்கு மேல் வெப்பம் தருகிற கழிவைத்தான் எரிசக்திக்குப் பயன்படுத்தச் சொன்னது. நம் குப்பையில் பாதிக்கு மேல் சாம்பார் வடிந்த ஈரக் குப்பை. பிரிக்காமல் கொட்டினால் அது எரியாது, புகையும். அப்படியென்றால் முதலில் வீட்டிலேயே பிரித்து வாங்கும் ஏற்பாட்டுக்கு எவ்வளவு பணம், உலைக்கு எவ்வளவு பணம்? பட்ஜெட்டில் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் வார்டிலிருந்து நான் கேட்கப் போவது இதைத்தான்.

புளியந்தோப்பு வாசி:

குப்பை என்றால் அதை அள்ளுகிற கையையும் பேச வேண்டும் அக்கா. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து 2025 ஆகஸ்டில் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் இரவு பகலாக உட்கார்ந்திருந்தார்கள். 13-ஆம் தேதி நள்ளிரவில் கைது செய்து அப்புறப்படுத்தினார்கள். பெரும்பாலும் பெண்கள். எங்கள் தெருவைப் பெருக்கும் அக்கா அங்கே இருந்தார். கொரோனா காலத்தில் நாங்கள் கதவைத் திறக்கப் பயந்த நாட்களிலும் அவர் வந்தார்.

தனியாரிடம் கொடுப்பதால் நகரத்துக்கு எவ்வளவு மிச்சம், அந்த மிச்சம் யார் சம்பளத்திலிருந்து வருகிறது என்று ஒரு தாளில் எழுதி மன்றத்தில் வைத்தார்களா? வைத்திருந்தால் அந்தத் தாளைக் கூட்டத்துக்கு முன்பே தொழிலாளர்களிடமும் கொடுத்திருக்க வேண்டும்.

மடிப்பாக்கம் மாடிவீடு:

இதில் எனக்கு வேறு கருத்து. தெற்கில் பல மண்டலங்களில் சில ஆண்டுகளாகத் தனியார்தான் எடுக்கிறார்கள். எங்கள் தெருவில் காலை ஏழரைக்கு வண்டி வந்துவிடுகிறது. வேலை ஒழுங்காக நடக்கிறது என்பதை மறுக்க முடியாது. தொழிலாளர் ஊதியம் குறையக் கூடாது, அதில் உங்களோடு இருக்கிறேன். அதை ஒப்பந்த நிபந்தனையிலேயே கட்டிப்போட வேண்டும். தனியார் என்றாலே எதிர்ப்பது எனக்கு ஏற்பில்லை.

புளியந்தோப்பு வாசி:

வண்டி ஏழரைக்கு வருவது நல்லதுதான் சார். அந்த வண்டியில் வருகிறவருக்கு வருங்கால வைப்பு நிதி பிடித்தமும் விடுப்பும் சரியாகக் கிடைக்கிறதா என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள், மேற்கொண்டு பேசுவோம்.

நடைபாதை:

பொறுமையாக எல்லாவற்றையும் படித்தேன். என் மகளுக்குப் பார்வை இல்லை, கோல் வைத்துக்கொண்டு நடக்கிறாள். வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் நானூறு மீட்டர். நடுவில் நடைபாதையில் கடை, பைக், மின்பெட்டி, விளம்பரப் பலகை. ஒவ்வொரு முறையும் சாலையில் இறங்கி ஏற வேண்டும். பாண்டி பஜாரில் 2019-இல் நடப்பதற்கென்று அகலமாக அமைத்தார்கள், அங்கே அவள் தனியாகவே நடக்கிறாள். அந்த ஒரு சாலையோடு நின்றுவிட்டால் எப்படி? நடைபாதைக் கடைகளை எடுக்க மாமன்றம் இந்த ஆண்டாவது முடிவெடுக்க வேண்டும்.

பூக்காரம்மா மகள்:

அக்கா, உங்கள் மகள் படும் சிரமம் எனக்குப் புரிகிறது. என் அம்மா நடைபாதையில்தான் பூ விற்கிறார், அந்த வருமானத்தில்தான் நான் பட்டம் வாங்கினேன். அதனால் இரண்டு பக்கமும் சொல்கிறேன்.

2014-ஆம் ஆண்டுச் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுத்து விற்பனைச் சான்று கொடுத்து முடிக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. எங்கே கடை போடலாம், எங்கே கூடாது என்று பிரிக்க நகர விற்பனைக் குழு இருக்கிறது. அதில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஆக, ‘எடுத்துவிடுங்கள்’ என்று மாமன்றத்திடம் கேட்பதில் பயன் இல்லை. ‘எங்கள் சாலையில் பேருந்து நிறுத்தம், பள்ளி வாசல், சாலை கடக்கும் இடம் இவற்றின் பக்கத்தில் இத்தனை மீட்டர் வரை விற்பனை இல்லாத பகுதி என்று அறிவியுங்கள், அதற்கு அருகிலேயே விற்பனைப் பகுதி காட்டுங்கள்’ என்று கேளுங்கள். என் அம்மாவும் அதில் கையெழுத்துப் போடுவார். அவருக்கு வேண்டியது தினமும் ஒரே இடம், யாரும் வந்து கூடையைத் தூக்காத இடம்.

பைக்கும் மின்பெட்டியும் உங்கள் பட்டியலில் இருக்கின்றன. அவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பூக்கூடையைத் தூக்குவது மட்டும் எல்லோருக்கும் சுலபம்.

நடைபாதை:

நன்றி கண்ணு. இப்படி யாரும் எனக்கு எடுத்துச் சொன்னதில்லை. எங்கள் சாலையை நாம் இரண்டு பேரும் சேர்ந்தே அளந்து எழுதினால் என்ன? தனிமடலில் பேசுகிறேன்.

கோவைக் கொடிசியா:

சென்னை இழையில் நுழைவதற்கு மன்னிக்கவும். கோவையில் 100 வார்டு, இதே பிரச்சினைகள். பகுதி சபை என்று ஒன்று சட்டத்தில் இருக்கிறதே, அதை யாரும் சொல்லவில்லையே. கிராம சபை மாதிரி நகரத்துக்கு. 2022 விதிகளில் வந்தது, அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் முதல்வரே பம்மலில் நடந்த கூட்டத்தில் கலந்துகொண்டார். அப்புறம் எங்கள் பக்கம் சத்தமே இல்லை. சென்னையில் நடக்கிறதா?

கணக்குப்பிள்ளை:

நல்ல கேள்வி. வார்டுக்கு ஒரு வார்டு குழு, கவுன்சிலர் தலைவர். வார்டைப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பகுதி சபை. அந்தப் பகுதியின் வாக்காளர் எவரும் போய் உட்காரலாம், பேசலாம். ஆண்டுக்கு நான்கு கூட்டம், அம்பேத்கர் பிறந்தநாளும் அண்ணா பிறந்தநாளும் அந்த நாட்களில் அடங்கும். பகுதிப் பிரதிநிதிகளுக்குத் தேர்தல் கிடையாது, நியமனம்தான். அது பெரிய குறை. கவுன்சிலருக்கு வேண்டியவர்களே உட்கார்ந்துவிட்டால் சபை சடங்காகிவிடும். இருந்தாலும் வாசல் திறந்திருக்கிறது. பத்துப் பேர் எழுத்தில் கோரிக்கையோடு போனால் அதைப் பதிவு செய்யச் சொல்லலாம். பதிவான கோரிக்கைக்கும் வாட்ஸ்அப் புலம்பலுக்கும் அலுவலகத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

பட்ஜெட் பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது. டிசம்பர் கூட்டத்தில் கேட்டால் அந்த பட்ஜெட்டில் இடம்பிடிக்க வாய்ப்பு உண்டு. ஏப்ரலில் கேட்டால் அடுத்த வருடம்தான்.

தி.நகர் பொறியாளர்:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். எல்லாப் பொருளையும் ஒரு வாரம் முன்பே இணையத்தில் போட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழக்கு வரும். ஒப்பந்தம் கிடைக்காதவர் பத்துப் பேரைப் பிடித்து மனு போட வைப்பார். வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடிக்க வேண்டிய வடிகால் வேலை அப்படியே நிற்கும். பள்ளத்தைத் தோண்டிப் போட்டுவிட்டு மழையை எதிர்பார்த்து நிற்கிற நிலையை நேரில் பார்த்தவன் நான். தேர்ந்தெடுத்த 200 பேர் எதற்கு இருக்கிறார்கள்? அவர்களை நம்பித்தானே ஓட்டுப் போட்டோம்.

வியாசர்பாடி விங்கர்:

அண்ணா, உங்கள் கவலை நியாயம். ஆனால் திடல் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பு எழுதி, மேலே போய், மன்றத்தில் வைத்து, நிறைவேற்றி, ஓரிரு நாளில் திரும்பப் பெற்றார்கள். அத்தனை பேர் உழைப்பும் வீண். ஒரு வாரம் முன்பு எங்களிடம் கேட்டிருந்தால் எங்கள் கிளப்பே காலையில் திறந்து சாயங்காலம் பூட்டிப் பராமரிக்கும் என்று சொல்லியிருப்போம்.

200 பேரை நம்புகிறோம். அவர்களுக்கே பட்டியல் கையில் கிடைத்துப் படிக்க நேரம் வேண்டாமா? நாம் படித்தால் அவர்களுக்கும் உதவிதான். எங்கள் வார்டு கவுன்சிலரிடம் நான் எழுதிக் கொடுத்த ஒரு கேள்வியை அவர் அப்படியே மன்றத்தில் கேட்டார், பதிலும் வாங்கினார்.

கணக்குப்பிள்ளை:

பொறியாளர் சாருக்கு ஒரு வரி சேர்க்கிறேன். இது சலுகையாகக் கேட்கிற விஷயம் இல்லை. தகவல் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(1)(சி): முக்கியமான கொள்கைகளை வகுக்கும்போதும், மக்களைப் பாதிக்கும் முடிவுகளை அறிவிக்கும்போதும் தொடர்புடைய உண்மைகள் அனைத்தையும் அலுவலகம் தானாகவே வெளியிட வேண்டும். யாரும் பத்து ரூபாய் கட்டி விண்ணப்பிக்கத் தேவையில்லை. அவசர வெள்ளப் பணிகளுக்கு விலக்கு வைத்துக்கொள்ளட்டும், உங்கள் வடிகாலுக்குத் தடை வராது.

தி.நகர் பொறியாளர்:

அவசரப் பணிக்கு விலக்கு என்று மனுவிலேயே தெளிவாக எழுதினால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். இன்னொன்றும் சேர்க்கலாம்: மழைக்காலத்தில் சாலை வெட்டத் தடை விதிக்கிறார்கள். எந்தத் துறைக்கு, எந்தத் தெருவில் விலக்கு கொடுத்தார்கள் என்ற பட்டியலையும் வெளியிடச் சொல்லுங்கள்.

வியாசர்பாடி விங்கர்:

எல்லாரும் சொன்னதை வைத்து எழுதியிருக்கிறேன். திருத்துங்கள்.

“மேயர், ஆணையர் அவர்களுக்கு. மாமன்றக் கூட்டத்தின் பொருள் பட்டியலையும் ஒவ்வொரு பொருளுக்குமான குறிப்பையும் கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பு தமிழில் மாநகராட்சி இணையதளத்திலும் மண்டல அலுவலகப் பலகையிலும் வெளியிட வேண்டுகிறோம். வெள்ளம், நோய்த்தொற்று போன்ற அவசரப் பொருட்கள் விதிவிலக்கு. பொதுச் சொத்தைத் தனியாரிடம் விடுதல், கட்டணம் விதித்தல், ஓராண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தம் ஆகியவை சம்பந்தப்பட்ட பகுதி சபைகளில் பேசப்பட்ட பிறகே மன்றத்துக்கு வர வேண்டும். சாலை மதிப்பீடுகளில் பழைய தளம் அகற்றும் செலவினம் உள்ளதா என்பது தெருவாரியாகத் தெரிய வேண்டும். வார்டு வாரியாக வசூலும் செலவும் பட்ஜெட்டோடு இணைக்கப்பட வேண்டும்.”

கொருக்குப்பேட்டைக்காரி:

‘ஓராண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தம்’ என்பதில் குப்பை உலையும் வந்துவிடும், சரி. ஒப்பந்தத் தொழிலாளர் ஊதியம் எவ்வளவு என்பதும் குறிப்பில் இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். புளியந்தோப்புத் தம்பி கேட்டது அதுதான்.

மடிப்பாக்கம் மாடிவீடு:

அந்த வரிக்கு என் ஆதரவும் உண்டு. எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. தாளை அச்சடித்து வைக்கிறேன். பெருங்குடி மண்டல அலுவலகத்தில் நானே கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுகிறேன். மற்ற மண்டலங்களுக்கு யார் யார்?

புளியந்தோப்பு வாசி:

திரு.வி.க. நகர் மண்டலம் நான்.

கொருக்குப்பேட்டைக்காரி:

தண்டையார்பேட்டை நானும் விங்கரும். பகுதி சபை தேதியை மண்டல அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்களா, கவுன்சிலரிடம்தான் கேட்க வேண்டுமா?

கணக்குப்பிள்ளை:

இரண்டு இடத்திலும் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகாராகவும் பதிந்து, புகார் எண்ணை இங்கே போடுங்கள், வரிசையாகச் சேர்த்து வைக்கிறேன்.